நாலாங்கட்டை வளைவு

கழற்றிய பெயர்களை
மைலோ டின்னில் போட்டு வைக்கிறேன்.
பகாவ் பசாருக்குப் பின்னால்
கார் அலங்காரக் கடை; கல்லா என்னுடையது.
மைவி வாங்கிய மூன்றாம் நாள் வந்தான் யுகேந்திரன்.
"டொயோட்டா எழுத்து இருக்காக்கா,
முன்னுக்கும் பின்னுக்கும்?"
முப்பத்தெட்டு வெள்ளி.
சூடு காட்டினால் பசை இளகும்.
தூண்டில் நரம்பை உள்ளே விட்டு இழுத்தால்
பழைய பெயர் வலியில்லாமல் வந்துவிடும்.
அது இருந்த இடத்தில்
வெயில் படாத சாயம் கொஞ்ச நேரம் தெரியும்.
எஞ்சினுக்கு ஒன்றும் தெரியாது.

ஹோண்டாக்காரர் புரோட்டோனைப் பார்த்து
இழுவை போதாது என்பார்.
புரோட்டோன்காரர் சாமான் விலையைக் கேட்பார்.
மெர்சிடிஸ்காரர் வாயே திறப்பதில்லை,
கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை வந்தவருக்குச் சின்னம் வேண்டாம்.
மச்சக்காளை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி.
சட்டைப்பையில் வியர்வையில் நனைந்த சம்மன்.
பெரிய சாலைச் சந்திப்பில் ஓரங்கட்டச் சொல்லி
புகைக்குழாயில் கருவியைச் செருகி
கறுப்பு எத்தனை விழுக்காடு என்று பார்த்தார்களாம்.
"நீங்க நல்லா மலாய் எழுதுவீங்களாமே.
குறைக்கச் சொல்லி ஒரு லெட்டர்."

சம்மனில் அவர் முழுசாக இருக்கிறார்:
த/பெ சன்னாசி, அடையாள அட்டை எண்,
வீட்டுக் கதவு எண்கூட.
லோரியின் நெற்றியில்
கையகல எழுத்தில் ஒரு பெயர் மின்னுகிறதே,
அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

மூணு மாதமாய் இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறாராம்.
"ஓடுதில்ல? ஓட்டு" என்கிறாராம் குத்தகைக்காரர்.
மில்லில் டன்னுக்குத் தருவது ஏறவில்லையாம் அவருக்கு.
மில்லுக்காரனைக் கேட்டால்
எண்ணெய் விலையைக் காட்டுவானாம்.
அந்த எண்ணெய் எங்கே போகிறது என்றேன்.
என் கையைப் பார்த்தார்.
பீசாங் கோரேங் தின்றுகொண்டிருந்தேன்.
விரலைக் காகிதத்தில் துடைத்தேன்.

நாலாங்கட்டை வளைவில் தமிழ்ப்பள்ளி மதில்.
ஏற்றம். எந்த வண்டியானாலும்
அங்கேதான் கியரைக் குறைக்கும்.
கார்ப் புகை கணுக்கால் உயரத்தில் ஒரு கோடு,
லோரிப் புகை இடுப்பில் ஒரு கோடு.
என் இடுப்பு;
முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூக்கு.
ஒவ்வொரு டிசம்பரும்
பெற்றோர் சங்கம் சாயம் அடிக்கும்.
போன முறை அறுநூற்று நாற்பது வெள்ளி.
பொருளாளர் நான்தான்.
அந்தக் கறுப்பில் எழுத்து எதுவும் இல்லை.
ஜப்பான் கறுப்பு எது, உள்ளூர்க் கறுப்பு எது,
எட்டு ஆண்டாய்ச் சின்னம் விற்றும்
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடிதம் தட்டினேன்.
வருமானம் குறைவு, நான்கு பிள்ளைகள்,
முதல் குற்றம்.
குற்றம் என்ற சொல்லில் விரல் நின்றது.
வேறு எது எழுதினாலும்
அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.
அப்படியே விட்டேன்.

மடித்து வாங்கிக்கொண்டு கேட்டார்:
"அந்த மதிலுக்கு என் பங்கு எவ்வளவு வரும்?"
இத்தனை டிசம்பரில் யாரும் கேட்டதில்லை.
பத்து வெள்ளித் தாளைக் கல்லாமேல் வைத்தார்.
சங்கத்து ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
"எழுதாதீங்கம்மா" என்றார்.
"எழுதினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

தாளை மைலோ டின்னில் போட்டேன்,
பெயர்களோடு பெயராக.

ஏழு மணிக்குக் கடையடைத்து
என் கஞ்சிலில் வீட்டுக்கு.
பின்பக்கம் இரண்டு எழுத்து உதிர்ந்து
வருசமாகிறது;
ஒட்ட நேரமில்லை, ஒட்டுவதுதான் தொழில்.
வளைவு வந்தது. இரண்டாம் கியர்.
உள்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்,
பின்னால் வரும் லோரியின் வெளிச்சம்
கண்ணைக் கூசுகிறது என்று.